பெரியப்பாவுக்கும் அதே கயிறு

தென்காசி,
ஆடி மாதம், திங்கட்கிழமை மதியம்

மதிப்பிற்குரிய வேல்விழி அப்பாவுக்கு, குருவம்மாள் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் நல்ல சுகம். உங்கள் சுகத்தை நேற்று ஃபோனிலேயே தெரிந்துகொண்டேன். பதான்கோட் பட்டாளத்தில் இருந்துகொண்டு தென்காசிக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட முடிகிறதென்றால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

கையில் ஃபோன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். ஃபோனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீங்கள் நாலு வரி சொல்லிவிடுகிறீர்கள். நேற்றும் அப்படித்தான் ஆயிற்று. வேல்விழி செவ்வாய்க்கிழமையிலிருந்து அருவிக்குப் போகக் கூடாது, உங்கள் அண்ணாச்சியிடம், அவர் கூட்டிவந்த விருந்தாளிகள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொன்னீர்கள். நானும் பேச்சை முடித்தால் போதும் என்று "சரி" என்றேன். ஃபோனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று உறைத்தது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் மஞ்சு பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவாள். ஆற அமரப் படியுங்கள். அறையில் கூட இருப்பவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

வீட்டு விவரம் முதலில். இந்த வருஷம் சாரல் நன்றாக இருக்கிறது. பகல் முழுக்க நசநசவென்று தூறல்தான். துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை. பின்கட்டு ஓட்டில் போன வருஷம் ஒழுகிய இடத்திலேயே இந்த வருஷமும் ஒழுகுகிறது. நீங்கள் லீவில் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னது அந்த ஓட்டுக்கும் ஞாபகம் இருக்கும்போலிருக்கிறது. மஞ்சு கணக்கில் மட்டும் கொஞ்சம் பின்தங்கி இருக்கிறாள். டியூஷன் சேர்த்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அண்ணாச்சி உங்களிடம் சொன்னது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் கடைசியில் நடந்ததை மட்டும் சொல்லியிருக்கிறார். முதலிலிருந்து நான் சொல்கிறேன்.

வேல்விழி இளைஞர் மையத்தின் இந்த இன்டர்ன்ஷிப்பில் சேர்ந்தபோது, அவர்கள் நோட்டீஸில் "இளைஞர்களின் தலைமைப் பண்பை வளர்க்கிறோம்" என்று போட்டிருந்தது. நான் படித்துவிட்டுச் சிரித்தேன். நம் வீட்டில் தலைமைக்கா பஞ்சம், ஒருத்தருக்கு ஒருத்தர் அதிகாரம் பண்ணத்தானே செய்கிறோம் என்று சொன்னேன். அவளும் அப்படித்தான் நினைத்துப் போயிருக்கிறாள். கல்லூரி முடித்த பிள்ளைகளையும் முடிக்கப்போகிற பிள்ளைகளையும் அந்த மையத்தார் எடுத்து, சீசன் முடிகிறவரை குற்றாலத்தில் ஆளுக்கொரு பொறுப்பைக் கொடுத்து நிறுத்துகிறார்கள். வேல்விழிக்கு விழுந்தது பேரருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம். போலீஸ்காரப் பெண்கள் இரண்டு பேர்தான் அங்கே இருப்பார்கள். அவர்களுக்கு ஒத்தாசையாக இவளும் இவளோடு ஆறு பிள்ளைகளும். வயசானவர்களைக் கைபிடித்து இறக்கிவிடுவது, தொலைந்த குழந்தைகளைத் தாயிடம் சேர்ப்பது, தண்ணீர் பெருகி, முன்னால் கட்டியிருக்கிற ஆர்ச் வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்துவிட்டால் எல்லோரையும் வெளியே கொண்டுவந்து கயிற்றைக் கட்டிவிட்டு நிற்பது, இதெல்லாம்தான் வேலை.

இவர்களுக்கு வழிகாட்டியாக ஸ்ரீமதி என்று ஒரு பெண் இருக்கிறாள். வேல்விழியைவிட ஏழெட்டு வயசு மூத்தவளாக இருப்பாள். வழிகாட்டி என்றுதான் பெயர், ஆனால் வழி எதுவும் சொல்ல மாட்டாள். கேள்விதான் கேட்பாள். வேலை முடிந்ததும் சாயங்காலம் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, அன்றைக்கு அவரவர் செய்த தப்பை அவரவரே சொல்ல வேண்டுமாம். அடுத்தவர் தப்பைச் சொல்லக் கூடாதாம். நம் வீட்டில் அடுத்தவர் தப்பைத் தவிர வேறெதுவும் பேசிப் பழக்கமில்லையே, இவள் எப்படித் தாக்குப்பிடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அந்த ஸ்ரீமதியை ஆரம்பத்தில் பிடிக்கவும் இல்லை. பதில் தெரிந்தால் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே, பிள்ளையை ஏன் கசக்க வேண்டும் என்றிருந்தது.

ஆனி கடைசியில் ஒரு நாள், மலையில் நல்ல மழை. தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டிவிட்டது. குளிக்கக் கூடாதென்று கயிறு கட்டியாயிற்று. அந்த நேரம் பார்த்து நம் அண்ணாச்சி, மதுரையிலிருந்து வந்த தன் சிநேகிதர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அஞ்சே நிமிஷம், பெண்பிள்ளைகள் ஓரமாக நின்று தலையை நனைத்துவிட்டு வந்துவிடுவார்கள் என்றாராம். உங்களுக்குத்தான் தெரியுமே, நம் வீட்டில் அவர் உள்ளே வந்தால் நாமெல்லாம் எழுந்துவிடுவோம். அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்லி யாருக்கும் பழக்கமில்லை. அதோடு ரிட்டயர்டு எஸ்.ஐ. வேறு. அங்கே டூட்டியில் நின்ற போலீஸ்காரர்களே அவருக்கு சல்யூட் அடித்திருக்கிறார்கள். இவள் கயிற்றைத் தூக்கிவிட்டுவிட்டாள்.

நாலு பேர் உள்ளே போவதைப் பார்த்ததும், அதுவரைக்கும் பொறுமையாக நின்ற கூட்டமெல்லாம் முண்டியடித்துக்கொண்டு உள்ளே விழுந்துவிட்டது. அதீபா என்று இவளோடு நிற்கிற பிள்ளை, கூட்டத்தைத் தடுக்கப்போய்க் கீழே விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. நல்லவேளை, வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணாச்சிக்கு இது எதுவும் தெரியாது. அவர் விருந்தாளிகளை அந்தப் பக்கமாகவே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வட்டத்தில் இவள், கயிற்றைத் தூக்கியது நான்தான் என்று சொல்லியிருக்கிறாள். யாரும் திட்டவில்லை. அந்த ஸ்ரீமதி மட்டும், நாளைக்கும் உன் பெரியப்பா வந்தால் என்ன சொல்லுவாய் என்று கேட்டிருக்கிறாள். இவள் அந்தக் கேள்வியோடே வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். என்னவென்று கேட்டால், "அதீபா கையில கட்டுப் போட்டிருக்காம்மா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லுகிறாள். அடுத்த நாள் அந்தப் பிள்ளை வீட்டுக்கு நானும் இவளும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. இதை அண்ணாச்சியிடம் சொல்லிவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். நான் அடுப்படியில் வேலையாக இருக்கும்போது இவள் கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறாள். என்னட்டி என்று கேட்டால், பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று பழகிப் பார்க்கிறேன், நீதான் பெரியப்பாவாக நில்லேன் என்கிறாள். முடியாது என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. சரியென்று தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் தொண்டையைச் செருமுகிற மாதிரியே செருமிக்கொண்டு வந்து நின்றேன். மஞ்சு சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள். முதல் தடவை இவள் என்னிடமே பயந்துபோய், உள்ளே போங்க பெரியப்பா என்று சொல்லிவிட்டாள். அப்புறம் திக்கினாள். அப்புறம் கோபமாகச் சொன்னாள், அது மரியாதையில்லை என்று அவளே அதை வேண்டாமென்றாள். பத்துப் பன்னிரண்டு தடவை ஆகியிருக்கும். கடைசியில் ஒரு மாதிரி சொல்லி முடித்தாள்.

"பெரியப்பா, இப்ப யாரையும் உள்ள விட முடியாது. நீங்க இங்கன உக்காருங்க. தண்ணி கொறைஞ்சதும் மொதல்ல ஒங்களத்தான் கூப்பிடுவேன்."

அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் பயமும் இல்லை, திமிரும் இல்லை. நான் துண்டைத் தோளிலிருந்து எடுக்க மனசில்லாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். என் வயசுக்கு நான் இந்த வீட்டில் ஒரு தடவைகூட இவ்வளவு ஒழுங்காக ஒரு விஷயத்தை வேண்டாம் என்று சொன்னதில்லை.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு வருகிறேன். வீரகேரளம்புதூரிலிருந்து பிச்சம்மாளும் அவர் மகன் விஜயசங்கரும் வந்தது, அருவி பார்க்க இல்லை. பெண் பார்க்கத்தான். சொல்லிக்கொண்டு வந்தால் சம்பிரதாயமாகிவிடும், எதிர்பாராமல் பார்த்த மாதிரி பார்த்துவிடலாம் என்று அண்ணாச்சி ஏற்பாடு பண்ணியிருக்கிறார். எனக்குக்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்ல சுடிதார் ஒன்றாவது போட்டுக்கொண்டு போகச் சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளை நனைந்த பேன்ட்டும், மையத்தார் கொடுத்த மஞ்சள் கோட்டும், கழுத்தில் விசிலுமாக நின்றிருக்கிறது. அண்ணாச்சியின் ஆசையில் நான் தப்புச் சொல்லவில்லை. நல்ல இடம்தான். பையனும் போலீஸில் இருக்கிறான். தம்பி பக்கத்தில் இல்லை, நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும் என்று அவர் ஓடுகிறார்.

ஆனால் அன்றைக்கும் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டித்தான் விழுந்துகொண்டிருந்தது. கயிறு கட்டியிருந்தது. அண்ணாச்சி வந்து, இவர்கள் நம் வீட்டு ஆட்கள், அம்மாவை மட்டும் விடு என்றிருக்கிறார். இவள் பழகி வைத்திருந்ததை அப்படியே சொல்லியிருக்கிறாள். அவருக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. ஏட்டி, யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டிருக்கிறார். இவள் மறுபடியும் அதையே, அதே குரலில் சொல்லிவிட்டு, பிச்சம்மாளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருக்கிறாள். பின்னால் நின்ற கூட்டத்தில் யாரோ கை தட்டிவிட்டார்களாம். அதுதான் அண்ணாச்சியைச் சுட்டுவிட்டது. எல்லோரையும் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். கை தட்டியவர்களைப் பார்த்து, தட்டாதீங்க என்று இவள் சத்தம் போட்டிருக்கிறாள். அதை அண்ணாச்சி உங்களிடம் சொன்னாரா? அவர் காதில் விழுந்திருக்காது.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் பெருகிக் கட்டை, கல் எல்லாம் அடித்துக்கொண்டு வந்திருந்தால் இன்றைக்கு ஊரே இவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடும். அண்ணாச்சியும் என் தம்பி மகள் என்று சொல்லிக்கொண்டு திரிவார். அப்படி எதுவும் வரவில்லை. இருந்த தண்ணீர் அப்படியே இருந்து, கொஞ்ச நேரத்தில் குறைந்து, கயிற்றையும் அவிழ்த்துவிட்டார்கள். அதனால்தான் அண்ணாச்சி, என்ன குடி முழுகிப்போச்சு, விட்டிருந்தால் என்ன என்று கேட்கிறார். அவருக்குக் காட்ட இவளிடம் எதுவும் இல்லை. எனக்கு மனசு ஆறாதது அதுதான். கயிற்றைத் தூக்கிவிட்ட அன்றைக்கு யாரும் அவளைத் திட்டவில்லை. பிடித்துக்கொண்டு நின்றதற்கு நீங்கள், நான், அண்ணாச்சி எல்லோரும் சேர்ந்து திட்டுகிறோம்.

ஒவ்வொரு லீவுக்கும் வந்து ஒரு கதை சொல்வீர்களே. நீங்கள் காவலுக்கு நின்றபோது பாஸ் இல்லாமல் வந்த ஒரு பெரிய ஆபீசரைக் கேட்டிலேயே நிறுத்தினீர்கள், அவர் இறங்கி வந்து உங்கள் முதுகில் தட்டினார் என்று. வருஷத்துக்கு வருஷம் அந்த ஆபீசருக்கு நீங்களே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். போன தடவை அவர் பிரிகேடியர் ஆகியிருந்தார். அந்தக் கதையை வாயைப் பிளந்துகொண்டு கேட்டவள்தான் வேல்விழி. நீங்கள் செய்தால் கடமை, அவள் செய்தால் வாய்க்கொழுப்பா? கோபப்படாமல் யோசியுங்கள்.

வாசலில் அண்ணாச்சி வண்டிச் சத்தம் கேட்கிறது. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை

நேற்று அண்ணாச்சி வந்தார். இவளும் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவர் உட்காரவில்லை. நாளைக்குக் காலையில் வீரகேரளம்புதூருக்குப் போகிறோம், நீ அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, அந்த வேலைக்கும் இனிமேல் போக வேண்டாம், உன் அப்பனே சொல்லியாச்சு என்றார். அவர் குரல் ஏறவே இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இவள் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள்.

"ஒங்க மனசு நொந்ததுக்கு மன்னிப்பு கேக்கேன் பெரியப்பா. ஒங்க கால்ல வேணும்னாலும் விழுதேன். கயிறு கட்டுனதுக்கு மட்டும் கேக்க மாட்டேன்."

சொன்னபடியே காலில் விழுந்தாள். அவர் ஆசீர்வாதமும் பண்ணவில்லை, நகரவும் இல்லை. நான் வைத்த காபி அப்படியே ஆறிப்போயிற்று. கடைசியில் தம்பி மணிமுத்து லீவில் வந்து பேசிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

நான் கேட் வரைக்கும் பின்னாலேயே போனேன். வண்டியை எடுக்காமல் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார். "அங்கன எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாவ, குருவம்மா." அவ்வளவுதான்.  எத்தனை சீசனுக்கு அவர் அதே அருவியில் பந்தோபஸ்து பார்த்திருப்பார். ரிட்டயர் ஆன பிறகு அவர் பேச்சு செல்லுபடியாகிற இடம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வருகிறது. அங்கே மட்டும்தான் இன்னும் சல்யூட் அடிக்கிறார்கள். அங்கே போய் நம் பிள்ளையே தடுத்துவிட்டதே என்று அவருக்கு இருக்காதா? உங்கள் அப்பா போன பிறகு உங்களைக் கையைப் பிடித்து ஆளெடுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர். அதை நான் மறக்கவில்லை. அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீங்கள் அவருக்கு ஃபோன் பண்ணி நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசுங்கள். மகளைக் கண்டித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஸ்ரீமதியிடமும் இவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். உன் பெரியப்பாவுக்கு இத்தனை வருஷ அனுபவம் இருக்கிறதே, ஒரு நாள் வந்து எங்கள் பிள்ளைகளிடம் கூட்டத்தைச் சமாளிப்பது பற்றிப் பேசச் சொல்லலாமா என்று அவள் கேட்டாளாம். இவள் இப்போது வேண்டாம் என்றிருக்கிறாள். இப்போது கூப்பிட்டால் சமாதானம் பண்ணக் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும், அவருக்கு அது இன்னும் அவமானம், கொஞ்ச நாள் போகட்டும், நானே போய்க் கூப்பிடுகிறேன் என்றாளாம். இதை யார் இவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தால் இப்படியும் பதில் வருமோ என்னவோ. ஸ்ரீமதி மேல் இருந்த கோபம் எனக்குப் பாதி போய்விட்டது.

வீரகேரளம்புதூரிலிருந்து இதுவரை ஒரு தகவலும் இல்லை. அவர்கள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. வந்தால் பார்ப்போம். இந்தக் குணம் வேண்டாம் என்கிற வீட்டுக்கு இவளை அனுப்பிவிட்டு நானும் நீங்களும் தூங்க முடியாது.

இன்று காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆடி அமாவாசைக்கு வருகிற கூட்டத்தை நினைத்து, இன்றிலிருந்து பெண்கள் பக்கம் முழுவதையும் இவளிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். இருபது பிள்ளைகளுக்கு இவள் பொறுப்பு. இன்றைக்குப் போகவில்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எழுந்து குளித்துவிட்டு, மஞ்சள் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகலையா என்றேன். அப்பா போக வேண்டாம் என்றால் போகவில்லை, நீயும் சரியென்று சொல்லிவிட்டாயாமே என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"முந்தாநாள் சரின்னு சொன்னதும் நாந்தான். இன்னைக்குப் போன்னு சொல்லுததும் நாந்தான். எந்திரிட்டி" என்றேன்.

கோட்டைப் பிரித்து நானே மாட்டிவிட்டேன். அண்ணாச்சிக்கும் ஃபோன் பண்ணி, அவளை நான்தான் அனுப்பியிருக்கிறேன், கோபப்படுவதாக இருந்தால் என் மேல் கோபப்படுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. கண்ணாடி முன்னால் ஒரு தடவை பழகிப் பார்த்துவிட்டுத்தான் ஃபோன் பண்ணினேன்.

இது உங்களிடம் அனுமதி கேட்டு எழுதுகிற கடிதம் இல்லை. செய்ததைச் சொல்லி எழுதுகிறேன். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் நான் இப்படி எழுதுவது இதுதான் முதல் தடவை. உங்கள் மேல் மரியாதை குறைந்து எழுதவில்லை. நீங்கள் இங்கே இருந்து அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களே கோட்டை மாட்டிவிட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்கு ஃபோன் பண்ண வேண்டாம். முதலில் அவளுக்குப் பண்ணுங்கள். அண்ணாச்சி பேச்சை எடுக்காதீர்கள், மாப்பிள்ளை பேச்சும் வேண்டாம். இன்றைக்குத் தண்ணீர் எப்படி விழுகிறது என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவள் புரிந்துகொள்வாள்.

காசி விசுவநாதர் துணையில் நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும். குளிரும் வெயிலும் மாறி மாறி அடிக்கிற ஊர், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அருவிக்குப் போகும்போது ஃபோன் நனைந்துவிடும் என்று எப்போதும் வீட்டில்தான் வைத்துவிட்டுப் போவாள். இன்றைக்கு அதைப் பாலித்தீன் பையில் மூன்று சுற்றுச் சுற்றி, கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

என்றும் உங்கள்,
குருவம்மாள்